பிச்சையா, கடனா?

பீகாரில் ஒரு பெண் பிள்ளையும் கேரளத்தில் ஒரு பெண் பிள்ளையும் ஒரே நாளில் பிறக்கின்றன என வைத்துக்கொள்வோம். இருவருக்கும் நாடு ஒன்று, அரசியலமைப்பும் ஒன்று. ஆனால் 2011ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி கேரளத்துப் பெண்களுள் நூற்றுக்கு 92 பேர் எழுத்தறிந்தவர்கள். பீகாரிலோ ஏறத்தாழப் பாதிப்பேர்தான். இதற்கு அப்பிள்ளை செய்த பிழை என்ன?

“அங்குள்ளவர்களுக்குப் படிப்பில் நாட்டமில்லை” என்று சொல்லிவிடலாம். வசதியாய் வாழ்பவன் நாவில் முதலில் வருவதும் அதுவே. இதற்கு மறுப்புக் கேரளத்தின் உள்ளேயே இருக்கின்றது. திருவிதாங்கூரில் கல்விச் செலவை அரசே ஏற்கவேண்டுமென ராணி கௌரி பார்வதி பாய் 1817இலேயே ஆணையிட்டார். அதே மலையாளம் பேசிய மலபார், சென்னை மாகாணத்தின் ஒரு மூலையாய்க் கிடந்து பின்தங்கிற்று. 1956இல் இரண்டும் ஒரே மாநிலத்துள் வந்தபின் பாடசாலைகளும் வைத்தியசாலைகளும் வடக்கே பெருகின; இடைவெளி குறைந்தது. சனங்கள் அதே சனங்கள்தாம்.

பீகாரின் கதை வேறு. இன்று ஜார்க்கண்ட் எனப்படும் அதன் தென்பகுதி நிலக்கரியும் இரும்பும் நிறைந்தது. 1950களில் மத்திய அரசு சரக்குக் கட்டணத்தைச் சமப்படுத்தி, உருக்கு எங்கும் ஒரே விலைக்குக் கிடைக்கச் செய்தது. ஆலை கட்டுவோர் சுரங்கத்தின் அருகே வரவேண்டிய தேவை குறைந்தது. பருத்திக்கு இந்தச் சமத்துவம் இருக்கவில்லை என்பதையும் கவனிக்க. 1990களின் தொடக்கம்வரை இது நீடித்தது.

2021 முதல் 2026 வரை மாநிலங்களுக்குப் பகிர்ந்த மத்திய வரிப்பணத்தில் பீகாருக்கு நூற்றுக்குப் பத்துப் பங்கு. கேரளத்துக்கு இரண்டிலும் குறைவு. பீகாரின் சனத்தொகை மூன்று மடங்கு என்றாலும், “நன்றாய்ச் செய்தவனுக்கா தண்டனை?” என்று தெற்கே எழும் குரலைப் பொறாமை என்று தள்ளிவிட முடியாது. ஆனால் பீகாருக்குப் போவதைப் பிச்சை என்று பேசுவோரோடு நான் உடன்படேன். அதில் ஒரு பகுதியாவது திருப்பிச் செலுத்தும் கடன். கடனை வாங்குவது பாட்னாவின் ஆட்சியாளர். உரியவளோ அந்தப் பிள்ளை. அவள் கைக்கு எவ்வளவு போய்ச் சேர்ந்ததென்று கேட்கும் உரிமை, கொடுத்தவனுக்கும் உண்டு, அவளுக்கும் உண்டு. கேட்பதற்கு அவளுக்கு முதலில் எழுத்துத் தெரியவேண்டும்.