வியன்னாவில் செய்த பதக்கம்

பதக்கம் கைக்கு வந்தால் முதலில் திருப்பிப் பார்ப்பேன். ஊசி, கொக்கி, பற்றவைத்த இடம், செய்தவர் முத்திரை எல்லாம் பின்பக்கத்தில்தான் இருக்கும். முன்பக்கத்தைப் போலி செய்பவனும் கவனமாகத்தான் செய்வான்.

1914-ஆம் ஆண்டின் ஜெர்மன் இரும்புச் சிலுவையை எடுத்துக்கொள்வோம். பெரும்பாலும் நடுவில் கறுப்பு வண்ணம் பூசிய இரும்புத் தகடு, சுற்றிலும் வெள்ளிச் சட்டம். சட்டத்தை முன், பின் என இரண்டு பாதியாகச் செய்து, இரும்பை இடையில் வைத்து விளிம்பில் பற்றவைப்பார்கள். பூதக்கண்ணாடியில் பார்த்தால் விளிம்பைச் சுற்றி அந்த இணைப்பு மெல்லிய கோடாக ஓடும். காந்தம் ஒட்டும். ஒரே துண்டாக வார்த்த போலியில் கோடு இருக்காது, பெரும்பாலும் காந்தமும் ஒட்டாது. முன்பக்கம் கிரீடம், W என்ற எழுத்து, 1914. பின்பக்கம் ஓக் இலைகளும் 1813 என்ற ஆண்டும். நெப்போலியனுக்கு எதிரான போரில் பிரஷ்ய மன்னர் இந்த விருதை ஏற்படுத்திய ஆண்டு அது.

*

ஆனால் மலேசியாவில், கம்போங் மேடானில் உட்கார்ந்துகொண்டு நான் தேடிப் படிப்பது வேறு ஒரு ஜெர்மன் பதக்கத்தைப் பற்றி. நம் ஆட்களுக்கும் அதற்கும் தொடர்பு உண்டு.

நேதாஜி ஜெர்மனியில் இருந்தபோது, 1942-இல், ஆசாத் ஹிந்த் விருதுகளை ஏற்படுத்தினார். ஷேர்-எ-ஹிந்த், சர்தார்-எ-ஜங், வீர்-எ-ஹிந்த், ஷஹீத்-எ-பாரத் என்று பெயர்கள். போர்க்களத்தில் பெற்றதென்றால் வாள்களோடு, மற்ற சேவைக்கு வாள் இல்லாமல். செய்து கொடுத்தது வியன்னாவில் ரூடால்ஃப் சூவல் என்ற பதக்க நிறுவனம். வட ஆப்பிரிக்காவில் பிடிபட்ட இந்தியப் போர்க்கைதிகளில் இருந்து திரட்டிய சுமார் மூவாயிரம் பேர் கொண்ட இந்திய லீஜியனுக்காகத்தான் முதலில் இவை. ஜெர்மானியர்களுக்கும் வழங்கினார்கள்.

அந்த லீஜியன் ஹிட்லர் பெயரையும் சேர்த்துச் சொல்லி உறுதிமொழி எடுத்தது. 1944-இல் அதை வாஃபன் எஸ்.எஸ். வசம் ஒப்படைத்தார்கள். இதை ஒதுக்கி வைத்துவிட்டு அந்தப் பதக்கத்தின் அழகை மட்டும் பேச என்னால் முடியவில்லை. சேகரிப்பவர் யாரும் அப்படிப் பேசக் கூடாது என்றே நினைக்கிறேன்.

*

சூவல் பதக்கத்தை இனங்காண்பது சிரமம். ஜெர்மன் ஆட்சியில் பதக்கம் செய்வோருக்கு எண் கொடுத்திருந்தார்கள். சூவலின் எண் L/58. போர் முடிந்த பிறகும் நிறுவனம் நடந்தது, பழைய பதக்கங்களை மறுபடி அடித்து விற்றது. 1957-இல் மேற்கு ஜெர்மனி, ஸ்வஸ்திகாவை நீக்கிவிட்டுப் போர்க்காலப் பதக்கங்களை அணியலாம் என்று சட்டம் இயற்றியதும் இந்தத் தொழிலுக்கு மறுபடி வேலை வந்தது. ஆகவே முத்திரை சரியாக இருப்பதால் பதக்கம் போர்க்காலத்தது ஆகிவிடாது. உலோகம், எடை, ஊசியின் அமைப்பு, அச்சில் விழுந்த கீறல் எல்லாவற்றையும் ஒன்றோடொன்று வைத்துப் பார்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, யாருக்குக் கொடுத்தார்கள் என்று சொல்லும் காகிதம் வேண்டும். காகிதம் இல்லாத பதக்கம் ஊர் பெயர் தெரியாத ஆளைப் போல.

*

1943 பிப்ரவரியில் நேதாஜி கீல் துறைமுகத்தில் நீர்மூழ்கி ஏறினார். நடுக்கடலில் ஜப்பானிய நீர்மூழ்கிக்கு மாறி, ஜூலையில் சிங்கப்பூர் வந்தார். அதற்குப் பிறகுதான் இது நம் கதை. ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தவர்கள் அவருடைய இந்திய தேசிய ராணுவத்தில் சிப்பாய் ஆனார்கள். லயத்துப் பெண்கள் ஜான்சி ராணிப் படையில் துப்பாக்கி பிடித்தார்கள். விருதுகளின் பெயர்களும் அவரோடு கிழக்கே வந்தன. 1944 ஏப்ரலில் மொய்ராங்கில் கொடியேற்றிய ஷௌகத் மாலிக் சர்தார்-எ-ஜங் பெற்றார்.

எங்கள் அடுக்குமாடியில் ஒரு பாட்டி இருந்தார். தோட்டம் கைமாறி, லயத்தை இடித்த பிறகு இங்கே வந்த குடும்பம். அவருடைய அம்மா தோட்டத்துக் கூட்டத்தில் தோட்டையும் வளையலையும் கழற்றிக் கொடுத்தாராம். "போச்சேன்னு அம்மா ஒரு நாளும் சொன்னதில்ல தம்பி. நேதாஜிக்குக் குடுத்தோம்னுதான் சொல்லுவாங்க." ரசீது கொடுத்தார்களா என்று கேட்டேன். "அதெல்லாம் யாரு வச்சிருந்தா."

வியன்னாவில் செய்த பதக்கத்துக்கு ஏலத்தில் விலை உண்டு. அந்தத் தோட்டுக்கு என்ன சான்று?

*

1945 ஜூலையில் சிங்கப்பூர் எஸ்பிளனேடில் நேதாஜி தியாகிகள் நினைவுச்சின்னத்துக்கு அடிக்கல் நாட்டினார். செப்டம்பரில் திரும்பி வந்த பிரிட்டிஷார் அதை வெடிவைத்துத் தகர்த்தார்கள். கல்லுக்கே அந்தக் கதி என்றால், நேதாஜியின் இந்திய சுதந்திர லீக் அட்டை வைத்திருந்த தோட்டத் தொழிலாளி எவ்வளவு பயந்திருப்பார்?

அங்கீகாரம் தாமதமாக வந்தது, சிலருக்கு மட்டும் வந்தது. ஜான்சி ராணிப் படையின் ஜானகி ஆதி நாகப்பனுக்கு இந்திய அரசு 2000-இல் பத்மஸ்ரீ கொடுத்தது. பிரிக்ஃபீல்ட்ஸ் இந்தியப் பண்பாட்டு மையத்துக்கு 2015-இல் நேதாஜி பெயர் சூட்டினார்கள். இரண்டும் எனக்கு மகிழ்ச்சிதான். பெயர் தெரியாத ஆயிரக்கணக்கானவர்களின் கணக்கு அப்படியே நிற்கிறது.

இப்போது எனக்குப் பதக்கம் வாங்கும் ஆசை குறைந்துவிட்டது. இனங்காணக் கற்றதை வேறு இடத்தில் பயன்படுத்தப் பார்க்கிறேன். கிள்ளானிலும் பழைய கிள்ளான் சாலையிலும் வீடு மாறும் குடும்பங்கள் தாத்தாவின் தகரப் பெட்டியைக் காலி செய்யும்போது, இந்திய சுதந்திர லீக் அட்டையோ சீருடையில் எடுத்த படமோ கிடைத்தால் தூக்கிப் போட வேண்டாம். படத்தின் பின்பக்கத்தில் பென்சிலால் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எழுதியிருந்தால் அதை அழிக்காமல், படத்தில் இருப்பவரின் அப்பா பெயரும் தோட்டத்தின் பெயரும் தெரிந்தவர் இருக்கும்போதே கேட்டு, வேறு தாளில் எழுதி அதோடு வையுங்கள்.