பாலூட்டும் தாய்க்கு உணவளிப்பது யார் கடமை?



முதல் 6 மாதம் குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டுமே போதும் என்கின்றனர் மருத்துவர்கள். பால் நின்றுவிட்டால் தாயைத்தான் குறை சொல்கிறோம். ஆனால் அல்குர்ஆன் (2:233) பாலூட்டும் தாயின் உணவையும் உடையையும் தந்தையின் பொறுப்பாக ஆக்கியிருக்கிறது.

உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில் பால்குடி மறந்த குழந்தைக்கே உதவித்தொகை தரப்பட்டது. ஓர் இரவு குழந்தையின் அழுகுரல் கேட்டு, முதலில் தாயைத்தான் கண்டித்தார்கள். அந்தத் தொகைக்காகவே அவள் முன்கூட்டிப் பால் மறக்கடிக்கிறாள் என்று அறிந்ததும் தம்மையே நொந்து அழுதார்கள். பிறந்தது முதலே உதவித்தொகை என்று ஆணையிட்டார்கள்.

இன்று நிறுவனங்களில் பணிபுரியும் பெண்களுக்கு 26 வாரம் சம்பளத்துடன் பேறுகால விடுப்பு உண்டு. 2017இல் வந்த உரிமை அது. கொல்லிமலை திருப்புலி நாட்டில் மரவள்ளிக் காட்டுக்குக் கூலிக்குப் போகும் தாய்க்கு அது இல்லை. அரசின் மகப்பேறு உதவி 18,000 ரூபாயை 6 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 3,000தான்.

தந்தையர்களே, முதலில் அவள் தட்டைப் பாருங்கள். கூலி கொடுப்பவர்களே, பாலூட்டப் போகும் நேரத்துக்குக் கூலியைப் பிடிக்காதீர்கள். ஜமாஅத்தார்களே, மஹல்லாவில் பிள்ளை பெற்ற ஏழை வீட்டுக்கு 6 மாத உணவைப் பொறுப்பேற்போம். பசித்த தாயிடம் பால் எங்கே என்று கேட்பது நீதியல்ல.

அல்லாஹ் நமக்கு அருள்புரிவானாக. ஆமீன்.