கண்டவன் கடன்

கொடுமை நிகழ்ந்த இடத்தில் நின்று அதனைக் கண்டு பதிவு செய்தவனை அறவழி நின்றவன் எனலாமா? அன்றித் தடுக்க வேண்டியதைத் தடுக்காது பார்த்து நின்றவன் எனக் குறை கூறுவதா? பத்திரிகையாளனின் நேரடிச் சாட்சியம் பற்றிச் சிந்திப்போர் எவரும் இவ்வினாவைத் தவிர்த்துச் செல்லல் இயலாது.

நம் நாட்டிலேயே இதற்கோர் உதாரணம் உண்டு. 1983ஆம் ஆண்டு ஜூலை 23ஆம் நாள் யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் 13 இராணுவத்தினர் கொல்லப்பட்டனர். மறுநாள் அவர்தம் உடல்களை அடக்கம் செய்யப் பொரளைக் கனத்தை மயானத்தில் ஏற்பாடாகியிருந்தது. அங்கு மூண்ட வன்முறை கொழும்பெங்கும் பரவியது. அவ்வேளையில் பொரளைப் பேருந்து நிலையத்தருகே தமிழ் இளைஞர் ஒருவர் ஆடை களையப்பட்டு, தலை கவிழ்ந்து அமர்ந்திருக்க, சூழ நின்றோர் களிகூர்ந்தனர். கம்யூனிஸ்ட் கட்சி நாளேடான ‘அத்த’வின் படப்பிடிப்பாளர் சந்திரகுப்த அமரசிங்க அதனைப் படம் பிடித்தார். அவர் சிங்களவர். அக்கட்சியும் வேறிரு இடதுசாரிக் கட்சிகளும் அம்மாத இறுதியிலேயே தடைசெய்யப்பட்டன. கறுப்பு ஜூலை எனும்போது உலகின் கண்முன் முதலில் தோன்றுவது அந்தப் படமே.

இதன்மீது எழும் முதற் குற்றச்சாட்டு, கருவியை உயர்த்திய கை காப்பதற்கு உயரவில்லையே என்பதாகும். கடமை ஆற்றலை மீறியதன்று. வெறிகொண்ட கூட்டத்தைத் தனியொருவன் தடுத்து நிறுத்துதல் பெரும்பாலும் இயலாதது. எனினும், ‘இயலாது’ என்ற சொல் கோழைத்தனத்துக்கும் எளிதிற் போர்வையாகிவிடும். எனவே காக்க இயலாதவன் கடமையினின்று விடுபடுகின்றான் என்பது பொருந்தாது. அவனுடைய கடமை உருமாறுகின்றது என்பதே பொருந்தும். காக்கும் கடன் கூறும் கடனாகின்றது. கண்டதைக் கூறாது விடுபவன் இரு கடன்களையும் தீர்க்காதவனாகின்றான்.

இரண்டாவது குற்றச்சாட்டு இதனினும் கடியது. அவ்விளைஞரின் அவமானத்தை உலகெலாம் காணச் செய்தது இன்னொரு தீங்கல்லவா? பிறர்க்குத் தீங்கு விளையாமையை வாய்மைக்கு இலக்கணமாக்கினார் வள்ளுவர். மனிதனை வெறும் கருவியாகக் கொள்ளற்க என்றார் ஜெர்மானிய மெய்யியலாளர் கான்ட். இவ்விரு அளவுகோல்களாலும் அப்படத்தை அளத்தல் தகும். அதனைக் காண்போர் பெரும்பாலும் பாதிக்கப்பட்டவரையே நோக்குகின்றனர். நோக்க வேண்டியவையோ சூழ்ந்து நின்று சிரித்த முகங்கள். சாதாரண மனிதர் எவ்வாறு அந்நிலைக்கு இறங்கினர் என்ற வினாவுக்கு அவையே சான்று. அவ்வினாவை எழுப்பும்போது படம் வாய்மையாகின்றது; சினத்தை மூட்டவும் கட்சி வளர்க்கவும் ஆண்டுதோறும் அச்சிடப்படும்போது அவ்விளைஞர் மீண்டும் கருவியாக்கப்படுகின்றார். அப்பிழையின் பங்கு படம் எடுத்தவரைவிடப் பயன்படுத்தும் நம்மையே பெரிதும் சாரும்.

மூன்றாவதாக, நினைவு பிழைபடும் என்பர். உண்மையே. அதே 1983ஆம் ஆண்டில் பெப்ரவரி 18ஆம் நாள் அசாம் மாநிலத்து நெல்லிப் பகுதியில் வங்காள வழி முஸ்லிம்கள் 1,800 பேருக்கு மேல் கொல்லப்பட்டனர் என்பது அரசுக் கணக்கு. பலியானோரிற் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். ‘இந்தியன் எக்ஸ்பிரஸ்’ செய்தியாளர் ஹேமேந்திர நாராயண் அதனை நேரிற் கண்டவர். 25 ஆண்டுகள் கழித்து 2008இல் தம் நினைவுகளை அவர் சிறுநூலாக்கினார். அரசு அமைத்த திவாரி ஆணைக்குழுவின் அறிக்கையோ பல தசாப்தங்களாக வெளியிடப்படவில்லை. ஆவணம் பூட்டிக் கிடக்குங்கால், பிழைபடக்கூடிய நினைவே வரலாற்றைத் தாங்க வேண்டியிருந்தது. நினைவின் குறைக்கு மருந்து மௌனமன்று. பல சாட்சிகளை ஒப்புநோக்குதலே அதற்கு மருந்து.

சப்ரகமுவ மண்ணில் வாழும் நமக்கு இவ்வினா தொலைதூரத்ததன்று. 1981 ஆகஸ்டில் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களில் தொழிலாளர் குடும்பங்கள் தாக்கப்பட்டுத் துரத்தப்பட்டன. பொரளைப் படம்போல் உலகம் அறிந்த சான்றொன்று அவர்தம் துயருக்கு வாய்க்கவில்லை. லயத்து முதியோரின் வாய்மொழியே அவர்தம் ஆவணம். 1981 முதல் 1984 வரையிலான இன வன்முறையை ஆராயும் ஆணைக்குழு 2001இல்தான் நியமிக்கப்பட்டது. இருபது ஆண்டுக் காலத்தில் எத்தனை சாட்சிகள் மண்ணுக்குள் சென்றிருப்பர்! பத்திரிகையாளன் செல்லாத இடத்தில் அவன் கடன் பேரப்பிள்ளைகளின் கடனாகின்றது. பல்கலைக்கழகம் வந்தடைந்த முதல் தலைமுறையினராகிய நம்மிற் பலர் அப்பேரப்பிள்ளைகளே.

அதே 2001ஆம் ஆண்டு மே மாதத்தில் எமது மாவனல்லையில் முஸ்லிம் மக்களின் கடைகள் எரிக்கப்பட்டன. அங்கு துன்புற்றோர் வேறு சமூகத்தார். ஏனையோர் பார்த்து நின்றவர்கள். நம் காயத்தை மட்டும் எழுதி, அயலார் காயத்துக்குக் கண்மூடுவோமாயின், நாம் கோருவது நீதியன்று, பங்கு மட்டுமே. தன் இனத்தார் இழைத்த கொடுமையைப் பொரளையில் பதிவு செய்த அக்கலைஞர் நமக்கு உணர்த்தும் பாடம் இதுவே. சாட்சிக்கு இனம் கிடையாது. கண்டவன் எவனாயினும் கடன்பட்டவனே; அக்கடனை அவன் உண்மையால் மட்டுமே தீர்க்க வல்லவன்.