மூன்றில் ஒரு பங்கு

அப்பா இறந்த அடுத்த ஆண்டு, 2013-இல், கோவையில் ஒரு சார்பதிவாளர் அலுவலகத்தில் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டேன். எனக்கு முன்னால் அம்மா போட்டார். வீடு அண்ணன் பெயருக்குப் போனது. வெளியே வந்து இளநீர் குடிக்கும்போது அண்ணன் சொன்னார்: "அப்பா ஞாபகமா வண்டிய நீயே வெச்சுக்கோ பாப்பா. சின்ன வயசுல இருந்தே உனக்குத்தான் அதும்மேல ஆசை." எனக்குக் கண் கலங்கிவிட்டது. அண்ணனுக்கு எவ்வளவு பெரிய மனசு என்று அன்று ராத்திரி கணவரிடம் சொன்னேன்.

அந்த வண்டி மறுபடி சாலைக்கு வரப் பதினோரு வருடம் ஆனது. அதைச் சரிசெய்த மாதங்களில்தான் இந்தக் கேள்வி எனக்குள் வந்தது. ஒரு பெண்ணுக்குச் சேரவேண்டிய உரிமையை எடுத்துக்கொண்டு, அதற்குப் பதிலாக ஒரு ஞாபகத்தைக் கொடுப்பது சரியா? அவள் அதை மனம் நிறைந்து வாங்கிக்கொண்டால், தவறு தவறில்லை என்று ஆகிவிடுமா?

வண்டி 1974 மாடல் பிரீமியர் பத்மினி. பம்பாயில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் நிறுவனம் இத்தாலியின் ஃபியட் 1100 காரை உரிமம் பெற்றுத் தயாரித்துவந்தது. 1974-இல்தான் அதற்குப் பத்மினி என்று பெயர் வந்தது. சித்தூர் ராணியின் பெயர் என்பார்கள். கணவனின் மானத்துக்காகத் தீயில் இறங்கியதாகக் கதை சொல்லப்படும் பெண்ணின் பெயர், பெரும்பாலும் ஆண்களே ஓட்டிய ஒரு வண்டிக்கு. எங்கள் வீட்டில் யாரும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. ஃபியட் என்போம், இல்லாவிட்டால் வெறுமனே வண்டி. நூல் மில்லில் வேலை பார்த்த அப்பா 1984-இல் அதைப் பழைய வண்டியாக வாங்கினார்.

கியர் ஸ்டியரிங்குக்குப் பக்கத்திலேயே இருக்கும். முன் சீட் பெஞ்சு மாதிரி நீளமானது. அதனால் முன்னால் மூன்று பேர் உட்காரலாம். அப்பா, தாத்தா, நடுவில் அண்ணன். பின்னால் அப்பத்தா, அம்மா, நான், சாப்பாட்டுக் கூடை. இப்படித்தான் உட்கார வேண்டும் என்று யாரும் சொன்னதாக நினைவில்லை. கதவு திறந்ததும் அவரவர் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்வோம்.

அம்மா ஒரே ஒரு தடவை ஓட்டினார். நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலம். வாசலுக்குள்ளேயே அப்பா சொல்லிக்கொடுத்தார். ரிவர்ஸ் எடுத்தபோது துவைக்கிற கல்லில் இடித்து, பின்பக்க மட்கார்டில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு நெளிவு விழுந்தது. அப்பா திட்டவில்லை. அதைச் சரிசெய்யவும் இல்லை. வீட்டுக்கு வருகிறவர்களையெல்லாம் கூட்டிப்போய்க் காட்டுவார்: "எங்க வூட்டுக்காரி போட்ட கையெழுத்து பாருங்க." எல்லோரும் சிரிப்பார்கள். அம்மாவும் சிரிப்பார். பிறகு அவர் ஸ்டியரிங்கைத் தொடவேயில்லை.

வண்டி எனக்கு என்று ஆனபிறகும் அது அண்ணன் வீட்டுத் தகரக் கொட்டகையிலேயே நின்றது. நாங்கள் இருந்தது மாடியில் வாடகை வீடு. காரை நிறுத்த எனக்கென்று ஆறடி இடம் கிடையாது. 2024 தொடக்கத்தில் அண்ணன் ஃபோன் செய்தார். கொட்டகையை இடித்து இரண்டு அறை கட்டப் போகிறார்களாம். "வண்டிய எடுத்துக்கறயா பாப்பா, இல்ல பழைய இரும்புக்குப் போட்டுரலாமா?"

ஒரு பட்டறையில் இடம் பிடித்தேன். பழைய ஃபியட்டுகளையே பார்த்துவந்த வயதான மெக்கானிக். பேட்டரியோடு போய் நின்ற என்னிடம் அவர் முதலில் சொன்னது: "அம்மிணி, சாவியப் போட்டுத் திருப்பீராதீங்க." பல வருடம் நின்ற இன்ஜினுக்குள் பிஸ்டன் ரிங்குகள் சிலிண்டர் சுவரோடு துருப்பிடித்து ஒட்டியிருக்கும். வலுக்கட்டாயமாகச் சுற்றினால் உடையும். நான்கு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் ஆயில் ஊற்றி, இரண்டு நாள் ஊறவிட்டு, மூன்றாம் நாள் ஸ்பேனர் போட்டுக் கையால் மெல்லச் சுற்றினார். பாதிச் சுற்று. கொஞ்சம் பின்னால். மறுபடி முன்னால். இன்ஜின் அசைந்தது.

அதன்பிறகு வேலை மளமளவென்று வளர்ந்தது. டேங்க்கில் இருந்த பெட்ரோல் கோந்தாகிக் கார்புரேட்டரின் சன்னத் துளைகளை அடைத்திருந்தது. நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். உள்ளே வீல் சிலிண்டர்கள் இறுகிப்போயிருந்தன. வயரிங்கை எலி கடித்திருந்தது. பின் சீட்டுக்குக் கீழே தரைத் தகடு துருவில் ஓட்டை விழுந்து, கீழே மண் தெரிந்தது. இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது, பழைய ரப்பருக்கு ஆகாது என்று ஹோஸ்களையும் பெட்ரோல் பம்ப்பின் டயஃப்ரத்தையும் மாற்றினார். என் வருங்கால வைப்பு நிதியிலிருந்து எடுத்த பணம் கரைந்துகொண்டே போனது.

இவ்வளவையும் மாற்றியபிறகு இது அப்பாவின் வண்டிதானா? பாலி மொழியில் உள்ள மிலிந்த பஞ்ஹாவில் நாகசேனர் என்ற பிக்கு, தேரில் வந்த அரசனிடம் இதேபோல் கேட்கிறார். அச்சுதான் தேரா, சக்கரம்தான் தேரா, நுகம்தான் தேரா? எதுவும் இல்லை. எல்லாம் சேர்ந்திருப்பதற்கு வழக்கில் வைத்த பெயர்தான் தேர். பட்டறையில் பிரிந்து கிடந்த ஃபியட்டைப் பார்த்தபோது அவர் சொன்னது விளங்கியது. ஆனால் வேறொன்றும் தோன்றியது. தேர் என்பது எது என்று இருவரும் பேசினார்கள். தேர் யாருடையது, அதை யார் ஓட்டலாம், யார் பின்னால் உட்கார வேண்டும் என்பது அந்த உரையாடலில் இல்லை. வீடுகளில் அடிக்கடி எழவேண்டிய கேள்வி இந்த இரண்டாவதுதான்.

அதை எனக்குக் கேட்டுக்கொடுத்தது ஆர்.டி.ஓ. அலுவலகம். உரிமையாளர் இறந்துவிட்டால் வண்டியை வாரிசின் பெயருக்கு மாற்றப் படிவம் 31. அதோடு இறப்புச் சான்றிதழ், வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளுக்கு ஆட்சேபனை இல்லை என்ற கடிதம். வாரிசுச் சான்றிதழில் மூன்று பெயர். மனைவி, மகன், மகள். அதைப் பார்த்த எழுத்தர், "வண்டியில மூணு பேருக்கும் சமபங்கு மேடம், மத்த ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும்" என்றார்.

எளிய கணக்குதான். 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்த ஆணின் சுயசம்பாத்தியம் மனைவிக்கும் மகனுக்கும் மகளுக்கும் சமமாகப் போகிறது. பிள்ளைகளுக்குப் பிறப்பால் வரும் பூர்வீகச் சொத்திலும் மகளுக்குச் சம உரிமையை 1989-இல் தமிழ்நாடும் 2005-இல் மத்திய அரசும் தந்தன. எங்கள் வீடு அப்பா சம்பாதித்துக் கட்டியது. ஆக, அவர் இறந்த நிமிடத்தில் வீட்டில் மூன்றில் ஒரு பங்கு என்னுடையது, காரில் மூன்றில் ஒரு பங்கு என்னுடையது. குடும்பம் கூடி உட்கார்ந்து பேசி எழுந்தபோது, வீட்டில் எனக்குப் பூஜ்யம், காரில் முழுசு. அதுவும் ஓடாத கார்.

நான் ஏன் கையெழுத்துப் போட்டேன்? யாரும் மிரட்டவில்லை. "நகை போட்டு, சீர் செஞ்சு அனுப்புனோம்ல" என்று மாமா ஒருவர் சொன்னார். வரதட்சணைத் தடைச் சட்டம் 1961-லிருந்து இருக்கிறது. ஆனால் குடும்பக் கணக்கில் சீர் என்பது மகளுக்குப் பங்கு கொடுத்தாயிற்று என்பதற்கான ரசீது. பங்கு கேட்டால் பிறந்த வீட்டுக்குப் போகமுடியாது என்ற பயம் எனக்கு இருந்தது. அந்தப் பயத்தை அன்பு என்றே எண்ணியிருந்தேன். அன்பும் இருந்தது, பொய்யில்லை. ஆனால் அண்ணனுக்கும் என்மேல் அன்பு உண்டே. அந்த அன்புக்காக அவர் எதையும் எழுதிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. ஒரு குடும்பத்தில் அன்பு உண்மையா என்று பார்க்க வேண்டுமானால், அதற்காக எப்போதும் ஒரே பக்கத்து ஆட்கள்தான் கையெழுத்துப் போடுகிறார்களா என்று பார்த்தால் போதும்.

ஆர்.டி.ஓ. வேலைக்கு உதவிய நண்பர் இன்னொரு வழியும் சொன்னார். 2021-இல் வந்த விதிகளின்படி, ஐம்பது ஆண்டு தாண்டிய வண்டியை, அதன் மூல வடிவம் மாறாமல் இருந்தால், விண்டேஜ் வாகனமாகப் பதியலாம். எண்ணில் 'விஏ' என்ற எழுத்து வரும். கௌரவம்தான். ஆனால் அப்படிப் பதிந்த வண்டியைக் கண்காட்சிக்கும் பேரணிக்கும் பெட்ரோல் போடவும் பராமரிப்புக்கும்தான் எடுத்துப் போகலாம். தினசரி ஓட்டக்கூடாது. மரியாதை உண்டு, புழக்கம் கிடையாது. நம் வீடுகளில் பெண்களுக்குக் கொடுக்கும் இடம் மாதிரியே இருக்கிறது என்று சிரித்துவிட்டு, சாதாரணப் பதிவையே புதுப்பித்தேன். காய்கறி வாங்கப் போகிற வண்டியாக அது இருக்கட்டும்.

கார் பிறந்த கதையிலும் இதே கணக்கு உண்டு. ஜெர்மனியில் பெர்தா ரிங்கர் என்ற பெண், கல்யாணத்துக்கு முன்பே தன் வரதட்சணைப் பணத்தை எடுத்து, கடனில் இருந்த கார்ல் பென்ஸின் பட்டறையைக் காப்பாற்றினார். 1886-இல் மோட்டார் வாகனத்துக்குக் காப்புரிமை கிடைத்தபோது அதில் பெர்தாவின் பெயர் இல்லை. 1888 ஆகஸ்டில் அவர் கணவரிடம் சொல்லாமல், இரண்டு மகன்களை ஏற்றிக்கொண்டு மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிப்போனார். வழியில் அடைத்துக்கொண்ட எரிபொருள் குழாயைத் தொப்பி ஊசியால் குத்திச் சரிசெய்தார். அந்தத் தொப்பி ஊசியை உலகம் ஆசையோடு நினைவில் வைத்திருக்கிறது. அவர் போட்ட முதலைப் பற்றிப் பேசுவோர் குறைவு. பங்கு இருக்கவேண்டிய இடத்தில் ஒரு சுவையான கதை உட்கார்ந்திருக்கிறது.

இதையெல்லாம் யோசித்துப் பெருமையாகத் திரிந்த நாட்களில்தான் டிங்கர் வேலை தொடங்கியது. மட்கார்டைத் தட்டிப் பார்த்த பையன் கேட்டான்: "அக்கா, இந்த நெளிவ எடுத்துரலாங்களா?" வேண்டாம் என்றேன். அது அம்மாவின் அடையாளம். அந்த வண்டியில் ஒரு பெண் ஓட்ட முயன்றதற்கு இருக்கும் ஒரே சாட்சி. அப்படியே விட்டுப் பெயின்ட் அடிக்கச் சொன்னேன். அம்மாவைக் கூட்டிவந்து, "உங்க நெளிவ அப்படியே வெச்சுட்டேம்மா" என்று காட்டினேன்.

அம்மா கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். "எடுத்துப் போடச் சொல்லு கண்ணு. உங்கப்பா இருக்கற வரைக்கும் அதச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சாச்சு. இனி நீ வேற ஆரம்பிக்கோணுமா?"

எனக்குப் பேச்சு வரவில்லை. அப்பாவுக்கு அது கேலி, எனக்கு அது வரலாறு. இருவரும் அவரிடம் கேட்கவில்லை. அண்ணன் எனக்குச் செய்ததாக நான் எண்ணிக் குமுறியதையே நான் அம்மாவுக்குச் செய்துகொண்டிருந்தேன். அவரிடம் ஒரு ஞாபகத்தை நீட்டி, இது உங்களுக்குப் பிடிக்கும் என்று நானே முடிவும் செய்துவிட்டேன்.

அன்றிரவு அந்தக் கணக்கை மறுபடி போட்டேன். வீட்டில் மூன்றில் ஒரு பங்கு அம்மாவுடையது. அதை 2013-இல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். காரில் மூன்றில் ஒரு பங்கு அம்மாவுடையது. ஆர்.டி.ஓ. கடிதத்தில், நான் விரல் வைத்துக் காட்டிய இடத்தில், கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். என்ன கடிதம் என்றுகூடக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. மூன்று பேரில் எனக்கு ஒன்று போய் ஒன்று வந்தது. இரண்டும் போனது அம்மாவுக்கு மட்டும்தான். முதல் தடவை பேனா அண்ணன் கையிலிருந்து வந்தது. இரண்டாவது தடவை என் கையிலிருந்து.

உரிமை பறிபோனவர்களாக நம்மை நினைத்துக்கொள்ளும்போது, நமக்குப் பின்னால் வரிசையில் நிற்பவர்கள் கண்ணில் படுவதில்லை. மகளுக்குப் பங்கு என்று குரல் கொடுக்கும் நாம், விதவையான தாயின் பங்கை 'அவங்களுக்கு எதுக்கு, நாமதான் பாத்துக்கறமே' என்று எவ்வளவு சுலபமாகத் தாண்டிவிடுகிறோம்!

மறுநாள் அம்மாவிடம், வண்டியை உங்கள் பெயருக்கு மாற்றிவிடட்டுமா என்று கேட்டேன். "எனக்கெதுக்குக் கண்ணு வண்டி?" என்றார். கொஞ்சம் பொறுத்து, "அந்த வூட்டுல ஒரு ரூம்பு எம்பேருல இருந்தாத் தேவலைன்னு இருக்குது" என்றார். எழுபத்து நான்கு வயதில், எனக்குத் தெரிந்து, அவர் தனக்காகக் கேட்ட முதல் விஷயம்.

அண்ணனிடம் சொன்னேன். "அம்மாவ நான் பாத்துக்க மாட்டனா?" என்று அவருக்குக் கோபம் வந்தது. "நீங்க பாத்துக்குவீங்கண்ணா. நாளைக்கு நீங்க இல்லாமப் போனா?" என்றேன். அதன்பிறகு இரண்டு வாரம் பேசவில்லை. பிறகு அவரே ஒரு பத்திர எழுத்தரிடம் விசாரித்திருக்கிறார். வீட்டில் ஒரு பகுதியை அம்மா உயிரோடு இருக்கும்வரை அவர் அனுபவிக்கும் உரிமையோடு செட்டில்மென்ட் எழுதலாமாம். இன்னும் எழுதவில்லை. அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் கேள்விகள் இருக்கின்றன. என் பங்கைப் பற்றி நான் இதுவரை எதுவும் பேசவில்லை. பேசுவேனா என்றும் தெரியவில்லை. ஆனால் கொடுத்தது அன்பினால் மட்டும் இல்லை என்பதை இப்போது எனக்குள் ஒத்துக்கொள்ள முடிகிறது.

மட்கார்டு இப்போது வழவழவென்று இருக்கிறது. அடுத்த வாரம் பத்திர எழுத்தரைப் பார்க்க ஃபியட்டில்தான் போகிறோம். நான் ஓட்டுவேன், அம்மா முன் சீட்டில் வருவார். படித்துப் பார்க்காமல் இனி எதிலும் கையெழுத்துப் போடப் போவதில்லை என்று சொல்லி, கண்ணாடியை மாற்ற என்னிடம் பணம் வாங்கியிருக்கிறார்.