அதே வண்டிதானா?

பொருள்களின் அடையாளம் பற்றிய கேள்வியைத் தத்துவவாதிகள் பெரும்பாலும் கரையில் நின்றுகொண்டுதான் கேட்டிருக்கிறார்கள். தீசியஸின் கப்பலில் உளுத்த பலகைகளை ஒவ்வொன்றாக மாற்றிய பின் அது அதே கப்பல்தானா என்று ஏதென்ஸில் வாதம் நடந்ததைப் புளூடார்க் எழுதி வைத்தார். கழற்றிப் போட்ட பலகைகளைக் கொண்டு இன்னொரு கப்பல் கட்டினால் எது தீசியஸுடையது என்று 1655இல் ஹாப்ஸ் சிக்கலை மேலும் ஒரு சுற்று முறுக்கினார். நாகசேனர் மிலிந்த அரசனிடம் அச்சு ரதமா, சக்கரம் ரதமா, நுகம் ரதமா என்று கேட்டு, ரதம் என்பது வெறும் வழக்குப் பெயர் என்று முடித்தார். மிலிந்தன் ரதத்தில் வந்தவன்தான். ஆனால் அந்தப் பேச்சு நடக்கும்போது ரதம் நின்றுகொண்டிருந்தது.

ஓடவேண்டிய வண்டியை முன்னால் வைத்துக்கொண்டு கேட்டால் இந்தக் கேள்வி வேறு உருவம் கொள்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. எங்கள் பக்கத்தில், கீரிப்பாறை, பேச்சிப்பாறை ரப்பர் தோட்டங்களுக்கு ஏறி இறங்கிய ஜீப்புகளையும் ஜீப் வழிவந்த பிக்கப்புகளையும் எடுத்துக்கொள்ளலாம். மஹிந்திரா கம்பெனி 1947இல் வில்லிஸ் ஜீப்புகளைக் கொண்டுவந்து தொடங்கிய வரிசை அது. பழையவற்றில் இருந்தது 134 கன அங்குல ஹரிக்கேன் பெட்ரோல் இஞ்சின். 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பின் பெட்ரோல் போட்டு மலையேறுவது கட்டுப்படியாகாத காரியமாயிற்று. டீசல் விலையை அரசு 2014 அக்டோபர் வரை தன் பிடியில் வைத்திருந்தது. பெட்ரோல் விலையை 2010இலேயே விட்டுவிட்டது. இந்த விலை வித்தியாசத்தின் நிர்ப்பந்தத்தில் பட்டறைகளில் பெட்ரோல் இஞ்சினை இறக்கி டீசல் இஞ்சினை ஏற்றினார்கள். இதற்குத் தோதாகக் கிடைத்தவற்றில் ஒன்று பியூஜோ எக்ஸ்டிபி 4.90. பெயரிலேயே அதன் ஜாதகம் இருக்கிறது: நான்கு சிலிண்டர், 90 மில்லிமீட்டர் துளை.

இப்போது அது அதே வண்டிதானா? சட்டத்திடம் விடை இருக்கிறது. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுப்படி இஞ்சினை மாற்றினால் அனுமதி வேண்டும், ஆர்.சி. புத்தகத்தில் பதிவாக வேண்டும். ஆனால் பெயர் சேஸுக்கு. வரிபாக்கி, விபத்து வழக்கு, கடன் எல்லாம் அந்த இரும்புச் சட்டத்தில் பொறித்த எண்ணோடுதான் போகின்றன. தலைகள் மாறிப்போன வேதாளக் கதையில் விக்கிரமாதித்தன் தலையைத் தேர்ந்தான். சட்டம் உடம்பைத் தேர்ந்திருக்கிறது. தாமஸ் மன் 1940இல் அந்தக் கதையை மறுபடி எழுதியபோது விக்கிரமாதித்தனின் தீர்ப்போடு நிற்கவில்லை. அவர் கதையில் ஒட்டவைத்த பின் உடம்பு தலைக்கேற்ப மாறத் தொடங்குகிறது, தலையும் உடம்புக்கேற்ப மாறுகிறது. ஒட்டியதோடு பிரச்னை முடியவில்லை, அங்கேதான் ஆரம்பிக்கிறது.

மெக்கானிக்குக்கு இது தெரியும். அவர் 'எது வண்டி' என்று கேட்பதில்லை. 'தாங்குமா' என்று கேட்கிறார். டீசல் இஞ்சின் கனமானது. பெட்ரோல் இஞ்சின் காற்றை ஏழு பங்கு அளவில் நெருக்குகிற இடத்தில் இது இருபதுக்கு மேல் நெருக்குகிறது. அந்த அதிர்ச்சி மவுண்டிங் வழியாகச் சட்டத்துக்கு இறங்குகிறது. முன் வில் தழைகிறது. இது மெதுவாகச் சுற்றி அதிகமாக இழுப்பதால் பழைய கியர் விகிதம் பொருந்துவதில்லை. இவையெல்லாம் கண்ணுக்குத் தெரிகிற பொருத்தமின்மைகள். வெட்டியும் வெல்டு வைத்தும் சரிசெய்துவிடலாம்.

கண்ணுக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. பெட்ரோல் இஞ்சினில் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் காற்று வரும் வழியில் ஒரு கதவு மூடிக்கொள்கிறது. மூடிய கதவுக்கு எதிராக இஞ்சின் உறிஞ்சித் திணறுகிறது. அந்தத் திணறல் இறக்கத்தில் வண்டியைப் பிடித்து நிறுத்துகிறது. டீசலில் அந்தக் கதவு இல்லை. எண்ணெய் மட்டும் நிற்கிறது, காற்று தாராளமாக நுழைகிறது, நெருக்கப்பட்ட காற்று வாங்கிய பலத்தில் பெரும்பகுதியைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. பிரேக்குக்கு பூஸ்டர் உள்ள வண்டியானால் இன்னொன்றும் உண்டு. அந்த பூஸ்டருக்கு வேண்டிய வெற்றிடம் பெட்ரோல் இஞ்சினிலிருந்து இலவசமாக வந்துகொண்டிருந்தது. டீசலுக்குத் தனியாக வேக்குவம் பம்பு வைத்தாக வேண்டும். ஆக, பழைய இஞ்சின் இழுத்துக்கொண்டு மட்டும் இருக்கவில்லை, நிறுத்தவும் உதவிக்கொண்டிருந்தது. அந்த உதவிக்கு விலைப்பட்டியலில் தனி வரி கிடையாது. இஞ்சினை இறக்கும்போது அதுவும் சேர்ந்து இறங்கிவிடுகிறது.

இதில்தான் எனக்கு ஒரு தார்மிகப் பிரச்னை தென்படுகிறது. நாஞ்சில் நாட்டு வேளாளர் குடும்பங்களில் மருமக்கள் வழி இருந்தது. சொத்து சகோதரியின் பிள்ளைகளுக்கு. இறந்தவனின் மனைவி மக்களுக்கு உகந்துடைமை என்ற சிறு பங்கு. அதன் கொடுமையை ஒரு மனைவியின் வாயாலேயே சொல்லவைத்தார் கவிமணி. 1926இல் திருவிதாங்கூர் அரசு நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் கொண்டுவந்தது, முறை மாறியது, மாறவேண்டியதுதான். ஆனால் அந்தப் புகைகிற பழைய இஞ்சின் வேறொரு காரியமும் செய்துகொண்டிருந்தது. வம்சமே பெண் வழியாக ஓடியதால், பிறந்த வீட்டில் ஒரு பெண்ணின் இடம் அண்ணன் தம்பியின் தயவாக இருக்கவில்லை. மனைவி மக்களுக்கு நியாயம் தேடியபோது சகோதரியின் இந்த இடத்தைப் பற்றி எவ்வளவு பேர் யோசித்தார்கள்? கூட்டுக் குடும்பச் சொத்தில் மகனைப் போல மகளுக்கும் பிறப்புரிமை உண்டு என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்தது 1989இல். வேக்குவம் பம்பு வந்து சேர 63 வருஷங்கள்.

இது பழமைக்கு வக்காலத்து அல்ல. பழைய இஞ்சினை வைத்துக்கொண்டு மலையேற முடியாது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. பழமைவாதி அது செய்த மறைமுக உதவியைக் காட்டி மாற்றத்தையே தடுக்கப் பார்க்கிறான். அவசரக்காரனோ புகையை மட்டும் பார்க்கிறான், அந்த உதவியைப் பார்ப்பதில்லை. இருவருமே இஞ்சினுக்கு ஒரே ஒரு வேலைதான் என்று நம்புகிறவர்கள். மாற்றுகிறவனின் பொறுப்பு வேறு. இறக்கிவைத்த இஞ்சினைப் பழைய இரும்புக்குப் போடுமுன், நாம் கேட்காமலே அது என்னென்ன செய்துகொண்டிருந்தது என்று ஒருமுறை கணக்குப் பார்க்கவேண்டும். அந்தக் கணக்கைப் பார்க்காதவன் புது வண்டியைக் கொடுக்கவில்லை, பாதி வண்டியைக் கொடுக்கிறான்.

இன்னொன்று. விட்டுப்போன பம்புக்கான விலையை அதை விட்டவன் கொடுப்பதில்லை. இஞ்சினை மாற்றச் சொன்ன முதலாளி நாகர்கோவிலில் இருப்பார். பட்டறைக்காரர் கூலி வாங்கியாயிற்று. மழையில் நனைந்த இறக்கத்தில், ரப்பர் ஷீட் கட்டுகளின் மேல் உட்கார்ந்து வருகிற சுமைக்காரனுக்கு அது அதே வண்டியா வேறு வண்டியா என்பது ஒரு பொருட்டே அல்ல. அது நிற்குமா என்பதுதான் அவனுடைய கேள்வி. அடையாளம் பற்றிய விவாதத்தை அவனிடமிருந்து தொடங்கியிருந்தால் தத்துவம் வேறு திசையில் போயிருக்கும்.