நுரைக்கும் ஈரல்

(ரொறன்ரோ, ஸ்காபரோவில் ஒரு ஞாயிறு காலை. சமையலறை மேசையில் ஆட்டு ஈரல்.)

சீடன்: ஐயா, ஒட்சிசன் இல்லாமல் உயிர் இல்லை. அதே ஒட்சிசன் கலத்தை அரிக்கும் என்றும் சொல்கிறீர்கள். எதை நம்புவது?

குரு: சோற்றை அவிப்பதும் கூரையை எரிப்பதும் ஒரே நெருப்புத்தானே, தம்பி. கலத்தின் அடுப்பு இழைமணி. அங்கே இலத்திரன்கள் கைமாறிக் கைமாறி ஒட்சிசனிடம் ஒழுங்காகச் சேர்ந்தால் தண்ணீர். வழியில் ஒன்று தவறி ஒட்சிசனில் ஒட்டினால் சுப்பரொட்சைட்டு. அதுதான் தெறிக்கும் பொறி.

சீடன்: அதை அணைப்பது யார்?

குரு: சுப்பரொட்சைட்டு டிஸ்மியூட்டேஸ். 1969இல் மக்கோர்டும் ஃபிரிடோவிச்சும் மாட்டு இரத்தத்திலிருந்து பிரித்து, வேலையைக் கண்டறிந்த நொதியம். பொறியை அது ஐதரசன் பேரொட்சைட்டாக்கும்.

சீடன்: அதுவும் நஞ்சுதானே?

குரு: நஞ்சுதான். இரும்பைச் சந்தித்தால் அதிலிருந்து ஐதரொட்சில் மூலிகம் பிறக்கும். அதைப் பிடிக்க நொதியம் கிடையாது. பிறந்த இடத்திலேயே டிஎன்ஏயைக் கடித்துவிடும். ஆகவே அது பிறக்க முன்னமே பேரொட்சைட்டை ஒழிக்க வேண்டும். இந்தா, பார்மசியில் வாங்கிய 3 வீதப் பேரொட்சைட்டு. பச்சை ஈரலில் விடு.

சீடன்: சீறுகிறது ஐயா! சவர்க்கார நுரை போலப் பொங்குகிறது.

குரு: ஈரலில் உள்ள கற்றலேஸ் அதைத் தண்ணீரும் ஒட்சிசனுமாகப் பிரிக்கிறது. குமிழிக்குள் இருப்பது அந்த ஒட்சிசன். இனி அவித்த துண்டில் விடு.

சீடன்: ஓர் அசைவும் இல்லை.

குரு: நொதியம் புரதம். அவித்தால் உருக்குலையும்.

சீடன்: அப்படியென்றால் காவலைக் கூட்டினால் ஆயுளும் கூடுமா?

குரு: இந்த நகரமே அதைக் கேட்டது. சிக்கிட்ஸ் மருத்துவமனையின் கப்ரியேல் பூலியான் குழுவும் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தாரும் மனித டிஸ்மியூட்டேஸ் மரபணுவைப் பழ ஈயின் இயக்க நரம்புக் கலங்களில் கூடுதலாக இயக்கினார்கள். ஆயுள் 40 வீதம் வரை நீண்டதென்று 1998இல் எழுதினார்கள்.

சீடன்: அப்போ கடையில் விற்கும் அன்ரிஒக்சிடன்ற் குளிசை வாங்கலாமே!

குரு: பொறு. சிக்கிட்ஸ் இருக்கும் யூனிவர்சிற்றி அவெனியூவின் மறுபக்கம் பிரின்சஸ் மார்கரெட் புற்றுநோய் மையம். அங்கே டாக் மாக் குழு 2015இல் எலிகளில் கண்டது வேறு: புற்றுநோய் தொடங்கவே குளூட்டாதயோன் என்ற காவல் தேவைப்படுகிறது. கட்டி வளர்ந்தபின் அதை மறித்தால் தயோரெடொக்சின் என்ற இன்னொரு காவல் கைகொடுக்கிறது. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரை வைத்து நடந்த ஆய்வில், பீட்டா கரோட்டின் என்ற அன்ரிஒக்சிடன்றை எடுத்தவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் கூடியிருந்தது. அது 1994.

சீடன்: காவலன் கள்ளனையும் காப்பானா?

குரு: நல்ல கலம், கெட்ட கலம் என்ற பேதம் நொதியத்துக்கு இல்லை. எதிரே வருவது பேரொட்சைட்டா என்பதுதான் அதன் ஒரே கேள்வி. இன்னொன்று கேள்: கிருமியைக் கொல்ல வெண்குருதிக் கலங்கள் வேண்டுமென்றே சுப்பரொட்சைட்டை உண்டாக்குகின்றன. பொறி எல்லாவற்றையும் அணைத்தால் அந்த ஆயுதமும் போகும். ஈக்களுக்கு உதவியதுகூட, சரியான இடத்தில் கூட்டிய காவல்.

சீடன்: இந்த ஈரலைத் தின்றால் அதன் கற்றலேஸாவது எனக்கு வருமா?

குரு: வராது. சட்டியில் உருக்குலைந்து, குடலில் மற்றப் புரதங்களைப் போலவே கரைந்துபோகும். உன் காவலை உன் கலந்தான் செய்துகொள்ள வேண்டும். பேரொட்சைட்டு பட்ட துண்டுகளை எறி, மிச்சத்தைக் கறியாக்கு.