அசைந்த கையும் அசையாத கையும்

கை நடுங்கினால் படம் கலங்கும் என்பது கமராவைப் பிடித்த எவரும் அறிந்ததே. அவ்வாறு கலங்கிய நிழற்படத்தைக் கணினியில் இட்டு, ஒரு பொத்தானை அழுத்தித் தெளிவாக்கிக்கொள்ளும் வசதி இன்று கைத்தொலைபேசி வைத்திருக்கும் மாணவனுக்கும் கிட்டியிருக்கின்றது. வசதியைக் குறைகூற வேண்டியதில்லை. ஆயின், தெளிவாக்கப்பட்ட படத்தில் நாம் காண்பது அன்று கமராவின் முன் நின்றதையா, அன்றேல் பின்னர் கற்பிக்கப்பட்டதையா என்னும் வினா எழுகின்றது. இதனைத் தொழில்நுட்பவியலாருக்கு உரியதென்று ஒதுக்கிவிட முடியாது. படத்தைச் சான்றாகக் கொண்டே ஒருவனைக் குற்றவாளி என்கிறோம். ஒரு கொலை நடந்தது என்கிறோம். அது நடக்கவேயில்லை என்று சாதிப்போரும் படத்தையே கேட்கின்றனர்.

முதலில் கலக்கம் எங்ஙனம் உண்டாகின்றது என்பதை நோக்குவோம். கமராவின் ஷட்டர் திறந்திருப்பது ஒரு வினாடியின் பதினைந்திலொரு பங்கு நேரமேயாயினும், அதற்குள் கை அசைந்துவிடுகின்றது. அப்பொழுது காட்சியிலுள்ள ஒவ்வோர் ஒளிப்புள்ளியும் புள்ளியாக நில்லாது சிறு வாலாக இழுபடும். காட்சி அசையாதிருக்கக் கமரா மட்டும் சிறிது விலகியிருப்பின், எல்லாப் புள்ளிகளின் வாலும் ஏறக்குறைய ஒரே வடிவினதாகவே அமையும். மை உலருமுன் சட்டைக் கை பட்டு இழுபட்ட கொப்பியை ஆசிரியர் எவரும் கண்டிருப்பர். எழுத்துக்கள் அனைத்தும் ஒரே பக்கமாக இழுபட்டிருக்கும். எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் என்பது தெரிந்தால் பெரும்பகுதியை வாசித்துவிடலாம். மென்பொருள் செய்வதும் இதுவே. வாலின் வடிவத்தைக் கண்டறிந்து, கணித முறையால் அதனைத் திரும்பச் சுருட்டுகின்றது.

இம்முறையின் மாண்பினை விண்வெளியிலே கண்டோம். 1990 இல் ஏவப்பட்ட ஹபிள் தொலைநோக்கியின் பெருங்கண்ணாடி, விளிம்பில் ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஏறக்குறைய இரண்டு பங்களவு பிழையாகத் தேய்க்கப்பட்டிருந்தமையால், அனுப்பிய படங்கள் கலங்கியிருந்தன. அது கை நடுக்கத்தால் வந்த கலக்கமன்று; எனினும் கணக்கு ஒன்றே. அக்கண்ணாடி ஒரு விண்மீனின் ஒளியை எவ்வாறு சிதறடிக்கின்றது என்பது வானியலாருக்குத் தெரியும். ஆகவே 1972 இல் றிச்சாட்சனும் 1974 இல் லூசியும் வகுத்த முறையைக் கையாண்டு பல படங்களை மீட்டனர். 1993 டிசெம்பரில் விண்வெளி வீரர்கள் சென்று குறையை நிவர்த்தி செய்யும்வரை இந்தக் கணக்கே பேருதவி புரிந்தது. இங்கே பிழை அறியப்பட்டது. அறியப்பட்ட பிழை கழிக்கப்பட்டது. இத்தகைய திருத்தத்தில் அறக்கேடு எதுவுமில்லை.

சிக்கல் பிழை அறியப்படாதபோது தொடங்குகின்றது. எவரோ எப்பொழுதோ எடுத்த ஒரு படத்தில் கை எவ்வழியாக அசைந்ததென்று யார் அறிவார்? இரண்டு எண்களின் பெருக்கம் 24 எனின் அவ்வெண்கள் யாவை என்று வகுப்பிலே கேட்டால், ஆறும் நான்குமா, எட்டும் மூன்றுமா என்று மாணவர் தடுமாறுவர். கலங்கிய படம் பெருக்கம்; தெளிந்த படம் ஓர் எண்; அசைவு மற்றோர் எண். 2006 இல் றொப் பேர்கஸ் முதலானோர் தனியொரு படத்திலிருந்தே அசைவைக் கணிக்கும் முறையொன்றை வெளியிட்டனர். உலகக் காட்சிகளில் அடுத்தடுத்த புள்ளிகள் பெரும்பாலும் ஒத்திருக்கும். கூரிய விளிம்புகள் சிலவே இருக்கும் என்னும் பொதுவியல்பினை அவர்கள் துணையாகக் கொண்டனர். நியாயமான ஊகம். ஆயினும் ஊகமே. 2011 இல் அடோபி நிறுவனம் இத்தகைய கருவியொன்றை மேடையிலே காட்டியபோது கூடியிருந்தோர் ஆரவாரித்தனர். காட்டப்பட்ட படங்களுள் ஒன்று செயற்கையாகக் கலக்கப்பட்டதே என்று நிறுவனம் பின்னர் ஒப்புக்கொண்டது. 2013 இல் போட்டோஷொப்பில் நடுக்கம் நீக்கும் வசதி சேர்க்கப்பட்டது.

இவற்றையெல்லாம் கடந்து, இலட்சக்கணக்கான படங்களைக் கண்டு பயின்ற பொறிகள் இன்று வந்துள்ளன. இவை வாலைச் சுருட்டுவதோடு அமைவதில்லை; இல்லாததை இட்டு நிரப்புகின்றன. 2020 இல் டியூக் பல்கலைக்கழகத்தார் ஆக்கிய ஒரு கருவி, சில கட்டங்களாகச் சிதைக்கப்பட்ட முகத்திலிருந்து கூரிய முகமொன்றைத் தந்தது. பராக் ஒபாமாவின் சிதைந்த படத்தை இட்டபோது வெளிவந்தது ஒரு வெள்ளையரின் முகம்! கருவி பயின்ற முகங்களுள் வெள்ளையர் முகங்களே மிகுந்திருந்தமை அதற்குக் கூறப்பட்ட முதற் காரணம். சமுதாயத்திலே எவருடைய முகம் அதிகம் படமாக்கப்பட்டதோ அவருடைய முகமே பிறர் முகத்தின் மீதும் ஒட்டப்படுகின்றது. 2024 இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் கொலை வழக்கொன்றில் எதிரி தரப்பு இவ்வாறு தெளிவாக்கிய கைத்தொலைபேசிக் காட்சியைச் சான்றாக முன்வைத்தது. அக்கருவியின் முறை வெளிப்படையானதன்று, துறைசார்ந்தோரால் ஏற்கப்பட்டதுமன்று என்று கூறி நீதிபதி அதனை மறுத்துவிட்டார்.

தமிழ் பயின்றோருக்கு இவ்வினா புதிதன்று. செல்லரித்த ஏட்டைக் கையிலேந்திய பதிப்பாசிரியர்கள் இதனை எதிர்நோக்கினர். புறநானூற்றில் 267, 268 ஆம் பாட்டுக்கள் கிடைக்கவில்லை. வேறு பல பாட்டுக்களில் அடிகள் சிதைந்துள்ளன. 1894 இல் அந்நூலைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையருக்குச் செய்யுள் இயற்றும் வல்லமை இல்லாமலா போயிற்று? சங்கப் புலவரின் நடையிலே நாலு அடி இயற்றி இடைவெளியை அடைத்திருப்பின் வாசகரிற் பலர் கண்டுபிடித்திருக்கவும் மாட்டார். அவர் புள்ளியிட்டார். ஏட்டிலே எழுத்து ஒன்று மயங்கிக் கிடந்தபோது, பிற பிரதிகளோடு ஒப்பிட்டுத் திருத்தினார். பாடபேதத்தை அடிக்குறிப்பிலே காட்டினார். எழுத்தே இல்லாதவிடத்து வெற்றிடத்தை வெற்றிடமாகவே விட்டார். நிழற்படத்தைத் திருத்துவோன் கற்கவேண்டிய ஒழுக்கம் முழுவதும் இதிலே அடங்கியிருக்கின்றது எனலாம்.

கலியாணப் படத்தில் மாப்பிள்ளையின் முகம் கலங்கிவிட்டதென்று ஒருவர் அதனைத் திருத்திக்கொள்வதைப் பற்றி நான் வாதாட வரவில்லை. அது அவர் வீட்டுச் சுவருக்குரியது. ஆனால் வீட்டுப் படமும் ஒருநாள் தெருவுக்கு வந்து சான்றாக நிற்கக்கூடும் என்பதை எமது நாடு கண்டிருக்கின்றது. 2017 பெப்ரவரியிற் கிளிநொச்சியிலே காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் தொடங்கிய போராட்டத்தில் தாய்மார் ஏந்தி அமர்ந்தவை வீட்டுப் படங்களே. அத்தகைய ஒரு படம் மங்கிக் கலங்கியிருக்க, அதனைப் பெருப்பிக்கும்போது பொறி ஒரு கண்ணையோ வாயையோ தானே வரைந்துவிட்டால், அத்தாய் ஏந்தி நிற்பது எவன் முகம்? இவனைக் கண்டீர்களா என்று அவள் கேட்கும் கேள்விக்கு, இல்லை என்னும் விடை உண்மையாகவே வந்துவிடக்கூடும். திருத்தித் தரும் கடைக்காரர் அன்பினாலேயே அதனைச் செய்திருக்கலாம். அன்பினாற் செய்த இடைச்செருகலும் இடைச்செருகலே. மூலப்படத்தைக் கையிலே திருப்பிக் கொடுப்பதும், இது திருத்தியது என்று சொல்லிவிடுவதும் அவர் தொழிலுக்குரிய கடமைகளாகும்.

இதுவரை கலக்கத்தை ஒரு குறையாகவே கொண்டு பேசினோம். கலக்கமே செய்தியாக அமையும் இடமும் உண்டு. 1944 ஜூன் 6 ஆம் திகதி நோமண்டிக் கடற்கரையிலே போர்வீரரோடு இறங்கிய றொபேட் கப்பா எடுத்த படங்கள் பெரிதும் கலங்கியவை. அவற்றை வெளியிட்ட 'லைஃப்' சஞ்சிகை, கணத்தின் பரபரப்பாற் படப்பிடிப்பாளர் கமராவை அசைத்துவிட்டார் என்னும் கருத்துப்படக் குறிப்பெழுதியது. இருட்டறையில் நேர்ந்த தவறே படச்சுருளிற் பெரும்பகுதியைக் கெடுத்ததென்னும் கதையும் நெடுங்காலம் வழங்கிற்று. 2014 முதல் ஏ. டி. கோல்மன் முதலானோர் அக்கதையை வன்மையாக மறுத்து வருகின்றனர். இதற்கிடையிற் கலக்கம் ஓர் அழகியலாகவும் மாறிவிட்டது. 1998 இல் ஸ்பீல்பேர்க் அக்கரையிறக்கத்தைத் திரைப்படமாக்கியபோது நடுக்கத்தை வேண்டுமென்றே உற்பத்தி செய்தார். ஆகவே நடுங்கிய படமெல்லாம் உண்மைப் படம் என்று கொள்ளும் பேதைமையையும் நாம் தவிர்க்கவேண்டும். எவருடைய கை, எதன் முன் நின்று நடுங்கிற்று என்பதை விசாரித்தறிய வேண்டியிருக்கின்றது.

அதே ஆண்டின் கோடையில், போலந்தில் நாஸிகள் அமைத்த அவுஸ்விட்ஸ்-பேர்க்கனோ முகாமில் இருவகைப் படங்கள் எடுக்கப்பட்டன. முதல் வகையை எடுத்தவர்கள் எஸ். எஸ். படையினர். ஹங்கேரியிலிருந்து புகைவண்டிகளிலே கொண்டுவரப்பட்ட யூதமக்கள் இறங்குவதையும், வரிசையிலே நிறுத்திப் பிரிக்கப்படுவதையும் அவர்கள் ஆறுதலாக நின்று படமெடுத்தனர். ஏறக்குறைய 200 படங்கள் ஓர் அல்பத்தில் ஒழுங்காக ஒட்டப்பட்டன. முகாமிலிருந்து உயிர்தப்பிய லிலி ஜேக்கப் என்னும் பெண் 1945 இல் அதனைக் கண்டெடுத்தார். தம் உறவினரின் முகங்களையும் அதிலே கண்டார். படங்கள் தெளிவானவை. எடுத்தவனின் கை அசையவில்லை. அவன் அசையவேண்டிய அவசியமும் இருக்கவில்லை. அத்துணைத் தெளிவான படங்களிலே கொலை மட்டும் இல்லை. மரநிழலிலே முதியவர்களும் குழந்தைகளும் காத்திருக்கின்றனர், அவ்வளவே.

இரண்டாம் வகையில் இருப்பவை நான்கே படங்கள். பிணங்களை எரிக்குமாறு கட்டாயப்படுத்தப்பட்ட யூதக் கைதிகள், கமராவொன்றை மறைவாகப் பெற்று, அவ்வாண்டு ஆகஸ்டில் எடுத்தவை அவை. எடுத்தவர் அலெக்ஸ் என்று மட்டும் அறியப்பட்டார். கிரேக்க யூதரான அல்பேர்ட்டோ எரேராவே அவர் என்பது பலர் கருத்து. இரண்டு படங்கள் எரியூட்டும் கட்டிடத்தின் உள்ளேயிருந்து எடுக்கப்பட்டவை. கதவின் கருமையினூடே, வெளியே எரியும் பிணங்களும் புகையும் தெரிகின்றன. மற்றை இரண்டையும் வெளியே வந்து, கமராவைக் கண்ணுக்கு உயர்த்தாமல் மறைத்துப் பிடித்து எடுத்தார். ஒன்றின் மூலையில், கொல்லப்படுவதற்காக நடத்திச் செல்லப்படும் பெண்கள் கலங்கிய உருவங்களாகத் தெரிகின்றனர். படச்சுருள் பற்பசைக் குழாயொன்றில் மறைத்து முகாமிலிருந்து கடத்தப்பட்டுப் போலந்து எதிர்ப்பியக்கத்தாரிடம் சேர்ந்தது. கொலைக்கூடத்தின் வாயிலில் நின்று கொல்லப்படுவோரே தந்த நிழற்படச் சான்று இது.

பின்னர் நடந்ததை நோக்குக. படங்களை வெளியிட்டோர் பயனற்றதென்று கதவின் கருமையை வெட்டி நீக்கினர், சாய்ந்ததை நிமிர்த்தினர், பெண்களின் கலங்கிய உருவத்தைப் பெருப்பித்து, முகங்களுக்குக் கோடிட்டு, உடல்களையும் திருத்தினர். அவர்களுள் எவருக்கும் தீய எண்ணம் இருந்ததாகக் கூறமுடியாது. குற்றத்தை உலகம் தெளிவாகக் காணவேண்டும் என்றே விரும்பினர். 2001 இல் பாரிஸிலே நடந்த கண்காட்சியை ஒட்டி எழுதிய பிரெஞ்சு அறிஞர் டிடி-யூபெர்மன் இத்திருத்தங்களைக் கண்டித்தார். அந்தக் கருமை, படமெடுத்தவர் மறைந்து நின்ற இடம். அந்தச் சாய்வும் கலக்கமும் அவருக்கிருந்த நேரத்தின் அளவு. அவற்றை நீக்கியவுடன், அல்பத்தின் படப்பிடிப்பாளனைப் போலவே இவரும் அமைதியாக நின்று எடுத்தார் என்ற தோற்றம் உண்டாகிவிடுகின்றது. அசையாது நிற்கும் உரிமை அம்முகாமில் ஒரு சாராருக்கே இருந்தது. தெளிவையே உண்மையின் அளவுகோலாக்கினால், அவ்வுரிமை உடையோரின் சாட்சியமே என்றும் மேலோங்கும்.

நான்காவது படத்தில் மனிதர் எவரும் இல்லை. மேல்நோக்கிச் சாய்ந்த கமராவில் மரக்கிளைகளும் வெளிறிய வானமுமே பதிந்தன. எதையும் காட்டவில்லை என்று பலர் அதனை வெளியிடாமலே விட்டனர். இன்றைய மென்பொருளில் அதனை இட்டால், சில வினாடிகளில் நடுக்கம் நீங்கி, கிளைகள் நேராகி, இலைகள் ஒவ்வொன்றாகத் தெளிந்து, அழகியதொரு தோப்பின் படம் கிடைத்துவிடும்.